பிளீச்சிங் பவுடர் போட்ட புத்திசாலிக்கு
இன்று கோபமாகத்தான் எழுதுகிறேன். தம்பி மகன் வீட்டு அல்லித் தொட்டியில் தலைப்பிரட்டைகள் செத்து மிதந்தன. "கொசுப்புழுன்னு பிளீச்சிங் பவுடர் போட்டேன் பெரியப்பா" என்கிறான். தவளையின் வாழ்க்கைச் சுழற்சியை என்னிடமே படம் வரைந்து பத்துக்குப் பத்து வாங்கியவன்!

கொசுப்புழு மெல்லிய குச்சிபோல நீர்மட்டத்தில் தொங்கும். தலைப்பிரட்டைக்கு உருண்டைத் தலை, பட்டை வால். இதுகூடவா தெரியாது? டெங்குக் கொசுவை மொட்டைமாடி டயரிலும் பிரிட்ஜுக்குப் பின்னாலுள்ள தட்டிலும் தேடுங்கள். கம்பூசியா மீனையும் விடாதீர்கள். அது தலைப்பிரட்டையையும் தின்னும். தொட்டியைத் தேய்த்துக் கழுவாதீர்கள், பாசிதான் அவற்றுக்குச் சோறு. குழாய்த் தண்ணீரை ஒருநாள் வாளியில் வைத்து, குளோரின் போனபின் ஊற்றுங்கள். கால் முளைத்ததும் ஏறிவர ஒரு செங்கல்லைச் சாய்த்து வையுங்கள். இல்லையென்றால் மூழ்கிச் சாகும்.

டேய், தொட்டியை மண் போட்டு மூடிவிடாதே. அடுத்த மழைக்கு வந்து பார்ப்பேன்.