பிரேமுக்குக் காசு கொடுத்தோம், எழுத்துக்கு?



போன தவணை எங்கள் பாடசாலையில் ஓய்வு பெற்ற டீச்சர் ஒருவருக்கு நினைவுப் பரிசு கொடுக்க எல்லோரும் காசு சேர்த்தோம். 12,000 ரூபா சேர்ந்தது. கண்ணாடிப் பெட்டிக்குள் பெயர் வெட்டிக் கொடுக்கும் அந்த வழமையான சின்னம் வேண்டாம், டீச்சருக்குப் பிடித்த துஆ ஒன்றை அறபு எழுத்தணியில் எழுதி பிரேம் போட்டுக் கொடுப்போம் என்று முடிவானது. எழுதுவதற்கும் ஆள் இருந்தது. எங்களிடம் படித்த பிள்ளை, சாதாரண தரத்தில் சித்திரத்துக்கு ஏ எடுத்தவள்.

"எங்கட பிள்ளதானே, சும்மா செஞ்சு தருவா. பிரேமுக்கு மட்டும் காசு ஒதுக்குவம்."

ஆசிரியர் அறையில் இதை யாரும் மறுக்கவில்லை. இதை எழுதும் நாங்களும்தான்.

பிரேம் கடையில் அளவைச் சொல்லி விலை கேட்டோம். 4,500 என்றார்கள். சரி என்று தலையாட்டிவிட்டு வந்தோம். இரண்டு நாள் கழித்து அந்தப் பிள்ளையிடமிருந்து வட்ஸ்அப்பில் செய்தி: "டீச்சர், குற நினைக்காதீங்க. தடிச்ச கடதாசியும் தங்கச் சாயமும் முடிஞ்சி போச்சு. அதுக்கு மட்டும் தந்தா செய்யலாம்."

அந்தச் செய்தியை வாசித்த பிறகுதான் எங்களுக்கு உறைத்தது. இதே பிள்ளைதான் இரண்டு வருடத்துக்கு முன் ஆரம்பப் பிரிவின் சுவர் முழுக்க மரமும் தோணியும் வரைந்து தந்தவள். 11 நாள் வெயிலில் நின்றாள். நாங்கள் கொடுத்தது பகல் சாப்பாட்டுப் பார்சலும் ஒரு சான்றிதழும். அதிலும் பெயரை எழுத்துப் பிழையோடு அடித்திருந்தோம்.

நம் வீட்டு ஹோல்களைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். சுவரில் ஓர் ஆயத்துல் குர்ஸி இருக்கும். எங்கோ ஒரு தொழிற்சாலையில் ஒரே அச்சில் ஆயிரக்கணக்கில் அடித்து, கப்பலில் வந்தது. 8,000, 10,000 கொடுத்திருப்போம். அதில் குற்றமில்லை. ஆனால் அதே வசனத்தை நமது ஊர்ப் பிள்ளை நாணல் பேனாவால் எழுதிக்கொண்டு வந்தால், "இதுக்கா 6,000? கடதாசியும் மையும்தானே" என்கிறோம். மருதமுனைக் கைத்தறிச் சாரனை வாங்கும்போது "நூல்தானே" என்று யாராவது சொல்கிறோமா? கையால் நெய்தது என்றால் கூடவே கொடுக்கிறோம்.

எழுத்தணி எவ்வளவு கணக்கான வேலை என்பது எங்களுக்கே அவளிடம் கேட்ட பிறகுதான் தெரியும். பேனாவின் நுனியைச் சரிவாக வெட்டி, அந்த நுனியால் ஒரு புள்ளி வைத்தால் அதுதான் அளவுகோல். அலிப் எத்தனை புள்ளி உயரம், பே எத்தனை புள்ளி அகலம் என்று ஒவ்வோர் எழுத்துக்கும் கணக்கு இருக்கிறது. நுனியின் அகலம் மாறினால் எல்லா எழுத்தும் மாறும். துலுத், நஸ்க், கூஃபி என்று ஒவ்வொரு பாணிக்கும் வேறு விதி. டீச்சரின் ஒரு வரி துஆவுக்கு அவள் 17 கடதாசிகளைக் கழித்திருந்தாள்.

படம் வாங்குவது கொழும்புப் பணக்காரர் வேலை என்ற எண்ணம் நம்மிடம் ஆழமாக இருக்கிறது. அதைச் சொல்பவர்கள் ஒருதரம் கலா பொலவுக்குப் போய் வரட்டும். பொல என்றால் சந்தை. ஜோர்ஜ் கீற் மன்றம் 1993இல் தொடங்கியது. வருடத்தின் முதல் மாதங்களில் கொழும்பில் வீதியோரத்தில் நடக்கும். நாட்டின் பல பக்கங்களிலிருந்தும் வரைபவர்கள் வந்து, மரத்தடியில் படங்களைச் சாத்தி வைத்து, தாங்களே பக்கத்தில் நின்று விற்பார்கள். உள்ளே போகக் கூச்சப்பட வேண்டிய குளிரூட்டிய மண்டபம் இல்லை. லட்சங்களிலும் படம் உண்டு, ஆசிரியச் சம்பளத்துக்கு எட்டுகிற சின்னப் படமும் உண்டு. மற்ற நாட்களிலும் விகாரமகாதேவி பூங்காப் பக்கம் வேலியோரமாகப் படங்கள் தொங்கும்.

கலா பொல நடக்கும் அந்தத் தெருவுக்கு ஆனந்த குமாரசுவாமியின் பெயர். அவர் 1908இல் இலங்கையின் சிங்களக் கைவினைகள் பற்றிய தன் பெரிய நூலை இங்கிலாந்தில் தன் வீட்டிலேயே கை அச்சு இயந்திரத்தில் அச்சிட்டார். மொத்தம் 425 பிரதிகள். அச்சு என்றாலே மலிவுச் சரக்கு என்று நினைப்பவர்களுக்காக இதைச் சொல்கிறோம்.

ஏனென்றால் கையில் காசு குறைவாக உள்ளவர்களுக்கு நல்ல வழி அச்சுப் படம்தான். ஆரம்ப வகுப்பில் வெண்டிக்காயை வெட்டிச் சாயத்தில் தோய்த்துக் கொப்பியில் குத்தினோமே, அதன் பெரிய ராத்தாதான் லினோ அச்சு. லினோ தகட்டில் படத்தைச் செதுக்கி, மை உருட்டி, கடதாசியை வைத்து அழுத்தி எடுப்பது. ஒவ்வொன்றும் கையால் எடுத்ததுதான், ஆகவே ஒவ்வொன்றும் அசல். கீழே பென்சிலால் 7/30 என்று எழுதியிருந்தால், 30 பிரதிகளில் இது ஏழாவது என்று பொருள். ஒரே உழைப்பை 30 பேர் பங்கு போடுவதால் விலை இறங்குகிறது. நாங்கள் போன வருடம் களப்பும் கண்டல் மரமும் உள்ள ஒன்றை 2,500 ரூபாவுக்கு வாங்கினோம்.

வரைந்த படத்தை ஸ்கேன் பண்ணி கணினியில் அடித்துத் தருவது வேறு. அதையும் வாங்கலாம், இன்னும் மலிவு. ஆனால் கேட்டுத் தெரிந்து வாங்குங்கள்: கையால் எடுத்ததா, கணினியில் அடித்ததா? எத்தனை பிரதி? என்ன மை, வெயில் பட்டால் வெளிறுமா? நேர்மையான கலைஞர் இதற்கெல்லாம் சந்தோஷமாகப் பதில் சொல்வார்.

கொழும்புக்குத்தான் போக வேண்டும் என்றில்லை. மட்டக்களப்பில் கல்லடியில் சுவாமி விபுலானந்த அழகியற் கற்கைகள் நிறுவகம் இருக்கிறது. அங்கே படிக்கும் பிள்ளைகள் படங்களைக் காட்சிக்கு வைக்கும்போது போய்ப் பாருங்கள். பிடித்திருந்தால் விலை கேளுங்கள். அந்த வயதில் ஒரு படம் விற்பது அந்தப் பிள்ளைக்கு எவ்வளவு பெரிய விடயம் தெரியுமா?

உருவப் படம் வைக்கலாமா என்று சிலர் கேட்பீர்கள். அதை உலமாக்களிடம் கேளுங்கள், அது எங்கள் பாடம் இல்லை. தோணி, தென்னை, களப்பு, பழைய பள்ளிவாசல் என்று வரைய எவ்வளவோ இருக்கிறது.

எழுத்தணி வாங்கினால் பிரேம் போடும் முன் அறபு நன்றாகத் தெரிந்த ஒருவரிடம் காட்டுங்கள். புள்ளி ஒன்று விடுபட்டாலும் கருத்து மாறும். பிரேம் போடும்போது நடுவில் மட்டை வைத்து, கண்ணாடி படத்தில் ஒட்டாமல் போடச் சொல்லுங்கள். நம் கடற்கரை ஈரத்துக்கு ஒட்டியிருந்தால் இரண்டு மாரிக்குள் பூஞ்சணம் பிடித்துவிடும். மழை அடிக்கும் வெளிச்சுவரில் மாட்டாதீர்கள்.

இன்னொன்று. பேஸ்புக்கில் பிள்ளைகள் தங்கள் படத்தைப் போட்டால் 200 பேர் "மாஷா அல்லாஹ்" எழுதுகிறோம். நாங்களும் எழுதுகிறோம். அந்த 200 பேரில் விலை கேட்டவர் யாரும் இல்லை என்று அவள் சொன்னாள். சொல்லும்போது கோபம் இல்லை, அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது. எங்கள் வகுப்பில் மிக நன்றாக வரைந்த ஒரு பையன் இப்போது கட்டாரில். லீவில் வந்தபோது "இன்னும் வரையிறியா?" என்று கேட்டோம். சிரித்தான்.

டீச்சரின் பரிசுக்கு அவளிடம் விலை சொல்லச் சொன்னோம். அரை மணி நேரம் வட்ஸ்அப்பில் "டைப்பிங்" என்று காட்டிக்கொண்டே இருந்தது. கடைசியில் 3,000 என்று வந்தது. கடதாசி, சாயம், நான்கு இரவு வேலை எல்லாவற்றையும் திரும்பக் கணக்குப் போடச் சொன்னோம். 6,000 வந்தது. கொடுத்தோம். பிரேமோடு 10,500. மீதியில் எல்லோருக்கும் தேத்தண்ணியும் பெட்டிஸும்.

வரும் பெற்றோர் கூட்டத்தன்று பிரதான மண்டப வாசலில் ஒரு மேசை போடுகிறோம். அவளுடையதும் இன்னும் நான்கு பழைய மாணவர்களுடையதும் இருக்கும். 500 ரூபா அட்டையிலிருந்து 7,000 ரூபா எழுத்தணி வரை, ஒவ்வொன்றிலும் விலை ஒட்டியிருக்கும். பேரம் பேச வேண்டாம் என்று அந்தப் பிள்ளைகள் எழுதி வைக்கக் கூச்சப்படுகிறார்கள், அதனால் நாங்கள் இங்கே எழுதுகிறோம். முழுக் காசு இல்லாதவர்கள் பாதி முற்பணம் கொடுத்துப் பெயரை எழுதிவிட்டுப் போகலாம். சில்லறை கொண்டு வாருங்கள்.