நடப்பவர்க்கு வழி விடுக!

1990ஆம் ஆண்டில் மூடப்பட்ட வயாவிளான்–பலாலி வீதி, 2025ஆம் ஆண்டு ஏப்ரல் 10ஆம் திகதி மக்கள் போக்குவரத்துக்குத் திறந்துவிடப்பட்டது. வரவேற்கத்தக்க செய்தியே. ஆயினும் அன்று விதிக்கப்பட்ட நிபந்தனைகளை வாசித்தோர்க்கு ஒன்று நினைவிருக்கும். வண்டிகள் மணிக்கு 40 கிலோமீற்றர் வேகத்தில் செல்லலாம். பயணிகள் பஸ்ஸும் செல்லலாம். நடந்து செல்வது மட்டும் முற்றாகத் தடை. தன் காணிக்கு முன்னால் ஓடும் வீதியை அதற்குரியவன் பஸ் யன்னலூடாகப் பார்த்துக்கொண்டு போகலாம், இறங்கிக் காலூன்றலாகாது!

துவக்கேந்தியவர்கள் விதித்த நிபந்தனை அது. அதனைக் கண்டிப்பதற்கு ஆட்கள் உளர், நாமும் கண்டிக்கிறோம். ஆனால், பருத்தித்துறையைச் சூழவுள்ள ஊர்களிலே துவக்கோ அறிவித்தற் பலகையோ இன்றி, இதே தடையை நாமே நமக்கு விதித்து வருகிறோமே, அதுபற்றி எவரும் வாய் திறவாதிருப்பது ஏன்?

கடந்த ஆண்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, நாம் கற்பிக்கும் பாடசாலையின் மாணாக்கர் 22 பேரைப் பருத்தித்துறை பஸ் நிலையத்தில் கூட்டினோம். வல்லிபுர ஆழ்வார் கோயிலடி வரை பஸ். அங்கிருந்து மணற்கும்பிகளுக்கூடாக மணற்காடு வரை நடை. பஸ் காசு தவிரச் செலவில்லை. பருத்தித்துறைக்கு மேற்கே கரை சுண்ணக்கல். கிழக்கே கற்கோவளம் கடந்தால் மணல். இம்மாற்றத்தைப் புவியியற் பாடத்தில் மனனஞ் செய்த பிள்ளைகள் உள்ளங்காலால் அறிந்தது அன்றுதான். வசப மன்னன் காலத்துப் பொன்னேடு 1936இல் வல்லிபுரத்தில் கிடைத்ததென்று பரீட்சையில் எழுதிப் புள்ளி பெற்றவர்கள், அந்த நிலத்தை அன்றுதான் மிதித்தார்கள். மணலுள் புதைந்து நிற்கும் பழைய அந்தோனியார் கோயிற் சுவரைத் தொட்டுப் பார்த்தார்கள். சவுக்கமர நிழலில் சோற்றுப் பொதி அவிழ்த்தோம். வந்தவர்களுள் பாதிக்கு மேற்பட்டோர், ஒரு துவிச்சக்கர வண்டித் தூரத்திலிருந்த அவ்விடத்தை முன்னர் கண்டதில்லை.

மறுநாள் ஒரு தந்தையார் பாடசாலைக்கு வந்தார். “வெள்ளைக்காரன் கொழுப்புக் கரைய நடக்கிறான், மாஸ்ரர். எங்கட பிள்ளையளுக்கு என்ன கேடு?” என்றார். அவர் ஒருவருடைய கருத்தன்று இது. படித்தவர் பலரும் இதனையே நாகரிகமாகச் சொல்கிறார்கள்.

அவர்களை ஒன்று கேட்கிறோம். தும்பளை வீதியிலே தெருமூடிமடம் நிற்கிறதே, அதனை வெள்ளைக்காரனுக்காகவா கட்டினார்கள்? வீதியின் இருமருங்கும் திண்ணை எழுப்பி, வீதிக்கே கூரையிட்டது யார் வெயிலாறுவதற்காக? தலைச்சுமையோடு வருபவர் பிறர் உதவியின்றி, நின்றபடியே சுமையை இறக்கி ஏற்றுதற்குச் சுமைதாங்கி, மாட்டுக்கு ஆவுரோஞ்சிக்கல், இருவருக்கும் கேணி. நடப்பவரை மனத்திற்கொண்டு வழி சமைத்த சமூகம் இது. இன்றைக்கும் செல்வச்சந்நிதியிலிருந்து வேலெடுத்துப் புறப்படுவோர் முல்லைத்தீவு, திருகோணமலை, மட்டக்களப்பு, பொத்துவில், குமண என்று ஒரு மாதத்துக்கு மேலாக நடந்து கதிர்காமம் சேர்கின்றனர். இத்தீவை நெடுக்காக நடந்து கடக்கும் மக்களுக்கு நடை அந்நியப் பழக்கம் என்பது நகைப்புக்கிடமானது.

ஆயின், பழமையைப் பாடிவிட்டு அமர்ந்துகொள்வோர் வரிசையிற் சேர நாம் ஆயத்தமில்லை. அத்திண்ணைகளில் எல்லோரும் அமர்ந்தார்களா?

அன்று மாலை மணற்காட்டில் நாம் காத்திருந்த பஸ் வரவில்லை. பிரதான வீதியை நோக்கி நடந்தோம். குறுக்கு வழியென்று ஓர் ஒழுங்கையுள் திரும்பியபோது, ஒரு மாணவன் அதன் தொடக்கத்திலேயே நின்றுவிட்டான். “சேர், இந்த ஒழுங்கையால எங்கட ஆக்கள் போறேல்லை. அப்பாச்சி சொன்னவ” என்றான். அப்பாச்சி காலமாகிவிட்டார். ஓலை வேலிகள் போய் மதில்கள் வந்துவிட்டன. அவர் காலத்துத் தடையோ பேரனுடைய காலில் இன்னும் கட்டுண்டு கிடக்கிறது.

செருப்பணியலாகாது, குடை பிடிக்கலாகாது, துவிச்சக்கர வண்டி ஏறலாகாது, பஸ் ஆசனத்தில் அமரலாகாது என்று ஒடுக்கப்பட்ட மக்களை யாழ்ப்பாணம் தடுத்து வைத்திருந்த காலம் தொலைதூரப் பழங்கதையன்று. இந்நான்கும் வழிச்செலவைப் பற்றியவை என்பதைக் கவனிக்க வேண்டும். ஒருவனை ஒடுக்குவதற்கு முதலில் அவன் போக்குவரத்தையே கட்டினார்கள். 1957இல் சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம் வந்தது. 1958 ஜனவரியில் பஸ் சேவை தேசியமயமாயிற்று. 1960களின் பிற்பகுதியிற் கோயில் வாயில்களிலும் தேநீர்க் கடைகளிலும் போராடியே சட்டத்துக்கு உயிரூட்ட வேண்டியிருந்தது. ஒழுங்கைகளை அன்று எவரும் எண்ணவில்லை போலும்.

அம்மாணவனை முன்னே விட்டு, நாம் பின்னே நடந்தோம். இருநூறு யார் சென்றதும் ஒழுங்கை ஒரு புது மதிலில் முட்டி நின்றது. காணிக்குரியவர் கனடாவிலாம். பொது வழியையும் வளவுக்குள் அடைத்து எழுப்பிவிட்டார்கள். எந்தச் சாதியாரும் இனி அவ்வழியாற் போக முடியாது, ஒருவகையிற் சமத்துவம்தான்! 22 பிள்ளைகளும் வந்த வழியே திரும்பினர்.

இங்கிலாந்தில் டார்பிஷயரிலுள்ள கிண்டர் ஸ்கவுட் என்னும் மேட்டுநிலம், பிரபுக்களின் வேட்டைக்கென்று அடைக்கப்பட்டிருந்தது. 1932 ஏப்ரல் 24ஆம் திகதி, மான்செஸ்டர், ஷெபீல்ட் நகரங்களின் தொழிலாளர் நூற்றுக்கணக்கானோர், பென்னி றொத்மன் என்னும் இருபது வயது இளைஞரின் முன்னிலையில் அந்நிலத்துள் நடந்தார்கள். ஐவர் சிறை சென்றனர். 1949இல் தேசியப் பூங்காக்களுக்கும் நாட்டுப்புறத்தில் நடப்பதற்கும் சட்டம் பிறந்தது. வெள்ளைக்காரன் பொழுதுபோக்கு என்று நம்மவர் இகழ்வது, அந்நாட்டு ஏழைகள் சிறைபுகுந்து ஈட்டிய உரிமையை.

நம் நாட்டிலும் நடைபாதை அமைக்கிறார்களே என்பர் சிலர். அமைக்கிறார்கள். கண்டி ஹந்தானையில் தொடங்கி நுவரெலியா வரை 22 பகுதிகளாக, 300 கிலோமீற்றருக்கு மேல் நீளும் ‘பெக்கோ’ நடைவழிக்கு ஐரோப்பிய ஒன்றியமும் அமெரிக்காவும் நிதி வழங்கின. தோட்டங்களுக்கூடாகச் செல்லும் அழகிய வழி, மறுக்கவில்லை. ஆனால் அத்தடங்களை மிதித்து உண்டாக்கியவர் கொழுந்துக் கூடை சுமந்தவர். இன்று அவற்றை நடந்து இரசிப்பவர் விமானத்தில் வருபவர். மலையக மக்கள் 200 ஆண்டு வரலாற்றை நினைவுகூர்ந்து, 2023 ஜூலை இறுதியில் தலைமன்னாரிற் புறப்பட்டு ஓகஸ்ட் 12இல் மாத்தளை சேர்ந்தார்களே, மூதாதையர் மாண்டு வீழ்ந்த வழியிலே அவர்கள் நடந்த நடைக்கு எந்த உல்லாசப் பயணக் கையேட்டில் இடமுண்டு? வடமராட்சியிலும் நாளை ஒருநாள் ஆங்கிலப் பலகை நட்டு, ‘மணற்கும்பி நடைவழி’ என்று சீட்டு விற்பார்கள். அதற்குள் மணற்கும்பி மிஞ்சியிருந்தால்!

மிஞ்சுமா என்பதே நம் அச்சம். வடமராட்சி கிழக்கில் இரவோடிரவாக டிப்பர்களில் மணல் போவது ஊரறிந்த செய்தி. மணற்கும்பி வெறும் காட்சிப் பொருளன்று. மாரி மழையைத் தன்னுள் இறங்கவிட்டு, உவர்நீரின் மேல் மிதக்கும் நன்னீர்ப் படையாக அதனைக் காத்து வைத்திருப்பது அதுவே. கரையோர மக்கள் மணலிற் பூவல் தோண்டி மொள்ளும் நீர் அது. கும்பியை அள்ளினால் நன்னீரின் இடத்தை உவர் பிடிக்கும். 2004 டிசம்பர் 26இல் கடல் ஏறி உயிர் குடித்த கரையும் இதுவே; அலைக்கும் வீட்டுக்கும் இடையே நிற்கும் மேடு எத்துணை விலையுடையதென்று மணற்காட்டாருக்கு எவரும் பாடம் நடத்தத் தேவையில்லை.

சென்ற மாதம் இருந்த மேடு இந்த மாதம் இல்லை என்பதை வாகனத்தில் விரைபவர் அறியார்; கச்சேரி மேசையிலிருப்பவரும் அறியார். மாதந்தோறும் அவ்வழி நடப்பவர் அறிவர். அவர்களுள் ஒருவர் வாய் திறந்தாற் போதும். நடப்பவரைச் சிலருக்குப் பிடிக்காததற்கு அதுவும் ஒரு காரணமாயிருக்கலாம்.

பிரதேச சபைகளுக்கான 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டம் பொது வழிகளை அச்சபைகளின் பொறுப்பில் வைத்திருக்கிறது. ஆகவே சபையாரைக் கேட்கிறோம்: உங்கள் எல்லைக்குள் உள்ள ஒழுங்கைகளும் கையொழுங்கைகளும் எத்தனை, அவற்றுள் மதிலுக்குள் போனவை எத்தனை என்று ஓர் இடாப்பு எழுதி, சபை வாயிலில் தொங்கவிடுங்கள். பெயர்ப்பலகை பிறகு வரட்டும். பஸ் நடத்துவோரைக் கேட்பது இதனினும் சிறிது. ஞாயிறு காலை பிள்ளைகளை இறக்கிவிட்ட இடத்துக்குப் பொழுதுபடுமுன் ஒரு வண்டி திரும்பி வரவேண்டும். அந்த ஒரு வண்டி இல்லையென்றால், சொந்த வாகனம் உள்ளவனுக்கே கடற்கரை.

பெற்றோர் சிலர் இன்னும் முணுமுணுக்கின்றனர். எனினும் மாதத்தின் முதல் ஞாயிறு காலை ஆறரை மணிக்குப் பஸ் நிலையத்தில் நிற்போம். அந்த மாணவனும் வருவதாகச் சொல்லியிருக்கிறான். வருவோர் போத்தலில் தண்ணீரும், மணற்சூடு தாங்கும் செருப்பும் கொண்டுவருக.