பவுண்டன்ஸ் மடம்: இடிபாட்டின் அழகும் வரலாற்றின் மறைப்பும்

இங்கிலாந்தின் யோர்க்ஷயர்ப் பகுதியில், ஸ்கெல் ஆற்றங்கரையில் நிற்கும் பவுண்டன்ஸ் துறவிமடத்தைப் பற்றி எழுதுவோர் பலர் ‘காலத்தின் கோலம்’ என்றே தொடங்குவர். காலம் கூரையின் ஈயத்தைக் கழற்றுவதில்லை. மணிகளை இறக்கி விற்பதுமில்லை. 1539 இல் மடம் கையளிக்கப்பட்ட பின்னர் இவற்றின் பயனை அடைந்தது எட்டாம் ஹென்றியின் அரசு. மறு ஆண்டே மடத்தை விலைக்கு வாங்கியவர் இலண்டன் வணிகர் சேர் றிச்சாட் கிறஷாம். பொருளியல் மாணவர் அறிந்த ‘கிறஷாமின் விதி’க்குப் பெயர் தந்த தோமஸ் கிறஷாமின் தந்தை இவரே.

துறவிகளின் ஒழுக்கக்கேடே மடங்களை அழித்தது என்பாரும் உளர். இக்கூற்றை மறுக்க 1536 ஆம் ஆண்டுச் சட்டமே போதும். ஆண்டு வருமானம் 200 பவுணுக்குக் குறைந்த மடங்களில் பாவம் மலிந்துள்ளது என்றும், பெரிய மடங்களில் சமயம் செவ்வனே பேணப்படுகிறது என்றும் அச்சட்டம் கூறிற்று. பாவத்தை வருமானத்தால் அளந்த விந்தை அது! மூன்றே ஆண்டுகளில், செவ்வனே நடப்பதாகப் போற்றப்பட்ட பெரிய மடங்களும் பறிபோயின. ஆயிரம் பவுணுக்கு மேல் வருமானம் பெற்ற பவுண்டன்ஸ் அவற்றுள் ஒன்று. அதன் முன்னாள் மடாதிபதி வில்லியம் தேர்ஸ்க், வடபுலக் கிளர்ச்சியை அடுத்து 1537 இல் தூக்கிலிடப்பட்டார். அவருக்குப் பின் வந்து மடத்தைக் கையளித்தவர் 100 பவுண் ஓய்வூதியம் பெற்றார்.

ஆயினும், இழந்த பொற்காலத்துக்காகக் கண்ணீர் வடிப்போரின் கூற்றும் ஏற்கத்தக்கதன்று. 1132 இல் யோர்க் நகர மடத்தின் செல்வ வாழ்வை வெறுத்து, கடும் நோன்பை நாடி வெளியேறிய பதின்மூன்று துறவிகளே பவுண்டன்ஸைத் தொடங்கினர். சிஸ்ரேர்சியன் சபையில் இணைந்த இம்மடம் ஒரு நூற்றாண்டினுள் பரந்த நிலங்களுக்கும் பெரும் ஆட்டு மந்தைகளுக்கும் உரிமை பூண்டது. இச்சபையின் மடங்கள் பண்ணை அமைப்பதற்காகக் குடியானவரை அப்புறப்படுத்தியமையும் பதிவாகியுள்ளது. வெட்டப்படாத கம்பளி இத்தாலிய வணிகருக்கு முன்கூட்டியே விற்கப்பட்டது. மந்தையில் நோய் பரவியபோது கடன் பெருகிற்று. 1291 இல் அக்கடன் 6,000 பவுணைத் தாண்டியிருந்தது. வறுமை விரதம் பூண்டோரின் கணக்கு இது.

இவ்வுழைப்பின் பாரத்தைச் சுமந்தோர் பொதுநிலைச் சகோதரர்கள். அவர்கள் துறவிகளாக உயர முடியாது. மடாதிபதித் தெரிவில் அவர்களுக்கு வாக்கு இல்லை. எழுத்தறிவு அவர்களுக்கு வேண்டப்படவுமில்லை. ஆகவே அவர்கள் எழுதிவைத்த வரலாறு எதுவும் இல்லை. மடம் பற்றிய அழகியல் வருணனைகளும் அவர்களைப் பெரும்பாலும் கண்டுகொள்வதில்லை.

அவ்வழகியலும் விலைக்கு வாங்கப்பட்டதே. 1767 இல் வில்லியம் எயிஸ்லபி இடிபாடுகளை வாங்கித் தமது ஸ்ரட்லி றோயல் பூங்காவின் இறுதிக் காட்சியாக அமைத்தார். புல்வெளி திருத்தப்பட்டது, பார்வைமேடை கட்டப்பட்டது. 1986 இல் யுனெஸ்கோவின் உலக மரபுரிமைப் பட்டியலில் இடம்பெற்ற பெயரிலும் பூங்காவே முன் நிற்கிறது. மடம் அதனுள் அடங்கிய இடிபாடாகவே குறிப்பிடப்படுகிறது.

தேவாலயத்தின் கூரை போய்விட்டது. மேற்குப் புறத்தில் ஏறத்தாழ 300 அடி நீளமான கீழ்த்தளம் மட்டும் வளைகூரை குலையாமல் நிற்கிறது. அதன் ஒரு பகுதியில் கம்பளியும் தானியமும் சேமிக்கப்பட்டன. மறு பகுதியில் பொதுநிலைச் சகோதரர்கள் உணவருந்தினர்.