ஏற மறுத்த பஸ்ஸை எந்தக் கண்காட்சியில் வைப்பீர்கள்?

"வண்டிக்கு என்ன மாமா சாதி? இரும்புக்குமா சாதி பாப்பீக?"

கேட்டவன் என் அக்கா மகன். கேட்ட இடம் கோயம்புத்தூர் அவினாசி ரோட்டில் இருக்கிற ஜி.டி. கார் மியூசியம். பாலிடெக்னிக்கில் மெக்கானிகல் முடித்துவிட்டு பீளமேட்டுப் பக்கம் ஒரு பட்டறையில் லேத் ஓட்டுகிறான். 2025 கடைசியில் ஒரு வேலையாக அங்கே போன என்னை, கோவில்பட்டிக்காரன் இதெல்லாம் எங்கே பார்த்திருக்கப் போகிறான் என்று இழுத்துக்கொண்டு போனான்.

பார்த்தேன். அழகில்லை என்று பொய் சொல்ல மாட்டேன். 1886-இல் கார்ல் பென்ஸ் காப்புரிமை வாங்கிய மூன்று சக்கர வண்டியின் மாதிரி நிற்கிறது. கூரை கிடையாது, ஸ்டியரிங் வளையம் கிடையாது, கைப்பிடி ஒன்றுதான். பையன் குனிந்து அதன் அடிவயிற்றைப் பார்த்துக்கொண்டு அரைமணி நேரம் நின்றான். உழைக்கிறவனுக்கு இயந்திரத்தின் மேல் ஒரு பாசம் உண்டு. அதை நான் கேலி செய்ய மாட்டேன். நமது தோழர்கள் சிலர் எதைப் பார்த்தாலும் பூர்ஷ்வா என்று முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். அப்படித் திருப்பிக்கொண்டால் பார்க்கவேண்டியதைப் பார்க்க முடியாமல் போய்விடும்.

பழைய காருக்கு இந்த நாட்டில் தனி மரியாதை. டெல்லியில் ஸ்டேட்ஸ்மன் பத்திரிகை 1964-இலிருந்து பழைய கார் ஊர்வலம் விடுகிறது. சென்னையில் விடுகிறார்கள், ஊட்டியில் விடுகிறார்கள். 2021-இல் மத்திய அரசு தனிச் சட்டவிதியே போட்டது. ஐம்பது வருடம் தாண்டி, அசல் உருவம் மாறாமல் இருந்தால் அது 'விண்டேஜ்' வண்டி. வி.ஏ. என்று தனி நம்பர். பதிவுக் கட்டணம் 20,000 ரூபாய். தினசரி ஓட்டக்கூடாது, கண்காட்சிக்கும் ஊர்வலத்துக்கும் மட்டும் எடுக்கலாம். அதாவது, யாரையும் எங்கேயும் கொண்டுபோய்ச் சேர்க்காத வண்டிக்குத்தான் மரியாதை.

எங்களுக்குப் பக்கத்தில் ஒருவர் தன் பிள்ளைகளுக்குக் கதை சொல்லிக்கொண்டிருந்தார். அல்வார் மகாராஜாவை ரோல்ஸ்ராய்ஸ் கடையில் அவமதித்துவிட்டார்களாம். அவர் கடையிலிருந்த கார்களை எல்லாம் வாங்கிவந்து ஊரில் குப்பை அள்ள விட்டாராம். கம்பெனிக்காரன் மன்னிப்புக் கேட்டானாம். பழைய கார் பிரியர்கள் எல்லோரும் சொல்கிற கதை இது. ஆதாரம் ஒன்றும் கிடையாது. பொய்க்கதையாகவே இருக்கட்டும், அதன் நியாயத்தைப் பாருங்கள். குப்பை பட்டால் காருக்கு அவமானம். காரின் மானம் போனால் கம்பெனி மன்னிப்புக் கேட்கிறது. அந்தக் குப்பையை அள்ளிக் காரில் போட்டவன் யார்? அவன் கதையிலேயே இல்லை. ராஜா இருக்கிறான், வெள்ளைக்காரன் இருக்கிறான், காருக்குக்கூட மானம் இருக்கிறது. துடைப்பம் பிடித்த கையைக் காணோம்.

பையன் கேட்டது இந்தக் கதையைப் பற்றி நான் முணுமுணுத்தபோதுதான். சரி, சொல்கிறேன் கேள் என்றேன்.

இந்த மியூசியத்துக்குப் பெயர் கொடுத்த ஜி.டி. நாயுடு 1920-இல் ஒரே ஒரு பஸ்ஸை வாங்கி, பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் தானே ஓட்டித் தொழிலை ஆரம்பித்தவர். உழைப்பாளி, மறுக்கவில்லை. அந்த ஒரு பஸ்ஸைப் பற்றியும் நான் பேசவில்லை. ஆனால் தமிழ்நாட்டில் மோட்டார் பஸ் ஓடத் தொடங்கிய காலத்தில் பல தனியார் பஸ்களில் நம் ஆட்களை ஏற்றமாட்டார்கள். காசு கொடுத்தாலும் ஏற்றமாட்டார்கள். ராமநாதபுரம் ஜில்லா போர்டுத் தலைவராக இருந்த சுயமரியாதைக்காரர் டபிள்யூ.பி.ஏ. சவுந்திரபாண்டியன், ஏற்ற மறுக்கிற பஸ்ஸுக்கு லைசென்ஸ் ரத்து என்று உத்தரவு போடவேண்டி வந்தது. உத்தரவு போட்டுத்தான் நம்மை இரும்புக்குள் ஏற்ற வேண்டியிருந்தது.

அதுவும் பஸ். அண்ணல் அம்பேத்கரின் கதை குதிரை வண்டி. 1929-இல் சாலிஸ்கானில் ரயிலை விட்டு இறங்குகிறார். பாரிஸ்டர், அரசாங்கக் கமிட்டி உறுப்பினர். டோங்காக்காரர்கள் மகாரை ஏற்றிப் போக மாட்டோம் என்கிறார்கள். கடைசியில் வண்டியை மட்டும் வாடகைக்குத் தருகிறார்கள், ஓட்ட ஆள் வராது. ஓட்டிப் பழக்கமே இல்லாத சேரி ஆள் ஒருவர் ஓட்டுகிறார். ஒரு பாலத்தில் சக்கரம் கல்லிடுக்கில் மாட்டி அண்ணல் தூக்கி எறியப்படுகிறார். கால் எலும்பு முறிந்தது. குதிரையும் வண்டியும் ஆற்றில் போயின. அவரே எழுதி வைத்திருக்கிறார். ஒரு சாதாரண டோங்காக்காரன்கூடப் படித்த தீண்டத்தகாதவனைவிடத் தன்னை மேலாக நினைத்தான் என்பதுதான் அந்த எலும்பு முறிவு அவருக்குச் சொல்லிக்கொடுத்த பாடம்.

"அது அந்தக் காலம் மாமா."

சரி, இந்தக் காலத்துக்கு வா. உங்க அம்மா முதன்முதலில் ஏறிய மோட்டார் வண்டி எது தெரியுமா? தீப்பெட்டி ஆபீஸ் வண்டி. கோழி கூப்பிடுமுன் தெருவுக்கு வெளியே வந்து ஹாரன் அடிக்கும். உங்க ஆச்சி தூங்குகிற பிள்ளையைத் தூக்கி உள்ளே போடுவாள். அக்காவுக்கு அப்போது ஒன்பது வயது. கரிசல் காட்டில் மழை பொய்த்த வருடம். பருத்தியும் இல்லை, கம்பும் இல்லை. அந்த வண்டி ஒருநாளும் எங்களை ஏற்றமாட்டேன் என்று சொன்னதில்லை. அதில் மட்டும் தீட்டு இல்லை. இருட்டுக்குள் போய் இருட்டுக்குள் திரும்பும். அக்கா பகலில் எங்கள் தெருவைப் பார்த்தது ஞாயிற்றுக்கிழமைகளில்தான். அந்த வண்டிக்கும் இன்று ஐம்பது வயது ஆகியிருக்கும். அதற்கு வி.ஏ. நம்பர் யார் கேட்கப் போகிறார்கள்?

பையன் பதில் பேசவில்லை. அக்கா இதை அவனிடம் சொன்னதே இல்லை போலிருக்கிறது.

பஸ் விஷயத்துக்கு வருகிறேன். 1997-இல் விருதுநகரைத் தலைமையிடமாக வைத்து அரசாங்கம் ஒரு போக்குவரத்துக் கழகத்துக்கு வீரன் சுந்தரலிங்கம் பெயரை வைத்தது. கவர்னகிரிக்காரர், கட்டபொம்மனின் தளபதி, நம்மவர். ஆதிக்க சாதிக்காரர்கள் அந்தப் பெயர் எழுதிய பஸ்ஸில் ஏறமாட்டோம் என்றார்கள். கலவரம். உயிர்கள் போயின. அதுவரை தமிழ்நாட்டில் சேரன் ஓடியது, சோழன் ஓடியது, பாண்டியன் ஓடியது, ராணி மங்கம்மாள் ஓடியது, மருதுபாண்டியர் ஓடியது. கோவில்பட்டியில் நாங்கள் எல்லோரும் கட்டபொம்மன் பஸ்ஸில்தான் போனோம் வந்தோம். கட்டபொம்மன் பெயரில் ஏறலாம், அவனுக்காகச் செத்த தளபதி பெயரில் ஏறக்கூடாது! சவுந்திரபாண்டியன் உத்தரவு போட்ட பழைய ராமநாதபுரம் ஜில்லா மண்தான் அது. முன்பு பஸ்ஸில் நம்மை ஏற்றமாட்டோம் என்றார்கள். பிறகு நம் பெயர் இருந்தால் தாங்கள் ஏறமாட்டோம் என்றார்கள்.

அரசாங்கம் என்ன செய்தது? ஏற மறுப்பது தீண்டாமைக் குற்றம் என்று ஒருவர் மேலாவது வழக்குப் போட்டதா? எல்லாப் பெயரையும் அழித்தது. 1997 ஜூலையில் மாவட்டங்களின் பெயரும் போனது, கழகங்களின் பெயரும் போனது. ஒரு தலித் பெயரை ஒதுக்கிவைக்கச் சேரனையும் சோழனையும் பலிகொடுத்தார்கள். அதற்குப் பெயர் சமத்துவமாம்.

இதே அவினாசி ரோட்டுக்கு மேலே 10 கிலோமீட்டர் பாலம். 2025 அக்டோபரில் ஜி.டி. நாயுடு பெயரில் திறந்தார்கள். அதே நாட்களில்தான் தெருப் பெயர்களிலிருந்து சாதியை நீக்கச் சொல்லி அரசாணையும் வந்தது. கேட்டால், அவர் அந்தப் பெயரில்தான் அறியப்பட்டவர் என்கிறார்கள். இருக்கட்டும். பாலத்தில் சாதிப் பெயர் இருக்கிறது, ஏறாமல் நின்றவன் ஒருவனும் இல்லை. நாங்களும் அதன் வழியாகத்தான் வந்தோம். சுந்தரலிங்கம் என்ற பெயரில் சாதி வால் இல்லை. அதில்தான் ஏறமாட்டோம் என்றார்கள்.

இன்னொன்று. 1995 ஜூலையில் வீரசிகாமணியில் ஒரு தலித் பஸ் டிரைவரோடு ஆதிக்க சாதி மாணவர்கள் இழுத்த தகராறில் தொடங்கியதுதான் தென்மாவட்டக் கலவரம். ஆகஸ்ட் 31 அன்று போலீஸ் கொடியன்குளத்துக்குள் புகுந்தது. டி.வி., மின்விசிறி, தையல் மிஷின், சைக்கிள், டிராக்டர் எல்லாவற்றையும் நொறுக்கினார்கள். பாஸ்போர்ட்டையும் படிப்புச் சான்றிதழையும் கொளுத்தினார்கள். வளைகுடா நாடுகளில் உழைத்துச் சம்பாதித்த பொருட்கள். ராஜா வைத்திருந்த வண்டி நூறு வருடம் துருப்பிடிக்காமல் இருக்கிறது. நம் ஆள் வாங்கிய டிராக்டர் ஒரு பகல் தாங்கவில்லை.

வெளியே வந்து டீ குடித்தோம். பையன் ரொம்ப நேரம் கிளாஸையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு சொன்னான்:

"மாமா, அரசு பஸ்ஸெல்லாம் கழிச்சுட்டா ஏலத்துக்குத்தான் போகும். அந்த வருசத்து லேலண்ட் சேஸ் ஒண்ணு உக்கடத்துப் பழைய இரும்புக் கடையில கெடைக்குமான்னு கேக்கட்டுமா? டிங்கரிங், பெயிண்டு நம்ம பயலுவளே பண்ணிருவானுக. போர்டுல எழுத்து எப்படி இருந்துச்சுன்னு மட்டும் தெரியணும்."

எனக்கு ஞாபகமில்லை. தோழர்களில் யாரிடமாவது வீரன் சுந்தரலிங்கம் போக்குவரத்துக் கழகப் பெயர்ப்பலகையின் போட்டோ, ஒரு டிக்கெட், பத்திரிகைத் துண்டு எது இருந்தாலும் இதழ் முகவரிக்கு அனுப்புங்கள். பிரதி எடுத்துக்கொண்டு பத்திரமாகத் திருப்பித் தருகிறோம்.