மெட்டில்லா வாத்தியத்துக்கு ஒரு கோடைப் பள்ளி

கோடை விடுமுறை நெருங்கும் காலத்தில் நேயர்களிடமிருந்து நமக்கு ஒரே மாதிரியான கடிதங்கள் வருவது வழக்கம். இரண்டு மாத காலம் பிள்ளைகளை வீட்டில் வைத்துக்கொண்டு என்ன செய்வது என்பதே அவற்றின் சாரம். இவ்வாண்டு வந்த கடிதங்களுள் ஒன்று மட்டும் வேறு விதமாயிருந்தது. கும்பகோணத்திலிருந்து சங்கீத அபிமானி ஒருவர் எழுதுகிறார்: "ஸ்டீல் கிதாரும் கோட்டுவாத்தியமும் கற்பிக்கப் பத்து நாட்களுக்கு ஒரு கோடைப் பள்ளி நடத்தலாம் என்று நண்பர்கள் சிலர் எண்ணுகிறோம். மாணவர்கள் வருவார்களா, மாட்டார்களா என்பதுதான் தெரியவில்லை. உங்கள் பகுதியில் கேட்டுப் பார்க்கக் கூடாதா?"

கேட்டுப் பார்க்கத் தடையில்லை. ஆனால் கேட்பதற்கு முன், எதற்காக வரச் சொல்கிறோம் என்பதையும் சொல்ல வேண்டுமல்லவா?

சாதாரணக் கிதாரில் கழுத்துப் பக்கம் குறுக்கே மெட்டுகள் பதித்திருக்கும். விரலால் தந்தியை மெட்டின்மேல் அழுத்தினால் அதற்குரிய ஸ்வரம் பேசும். ஸ்டீல் கிதாரை மடியில் மல்லாக்கக் கிடத்திக்கொள்வார்கள். இடக்கையில் ஓர் எஃகுத் துண்டைப் பிடித்துத் தந்திகளின்மேல் வழுக்கிக்கொண்டு போவார்கள். தந்தி மெட்டில் படுவதே இல்லை. ஒரு ஸ்வரத்திலிருந்து இன்னொன்றுக்குத் தாண்ட வேண்டியதில்லை, நீரோட்டம்போல் செல்லலாம். நமது வித்வான்கள் ஜாரு என்று சொல்லும் கமகம் இதுவேதான்.

"இது அந்நிய வாத்தியமாயிற்றே, நம் பிள்ளைகளுக்கு எதற்கு?" என்று சில நேயர்கள் கேட்கக்கூடும். நியாயமான கேள்வி. இந்த வாத்தியத்தின் சரித்திரத்தையே பதிலாகச் சொல்லுகிறோம்.

பசிபிக் சமுத்திரத்தின் நடுவிலுள்ள ஹவாயித் தீவுகளுக்குக் கிதார் வெளியிலிருந்துதான் வந்தது. அதை மடியில் கிடத்தி எஃகினால் பேச வைத்தவர்கள் அத்தீவினர். ஜோஸப் கெகூகு என்ற இளைஞர் பள்ளி மாணவராயிருந்தபோதே இந்த முறையை வகுத்தார் என்பது அங்கே வழங்கும் வரலாறு. 1893-ல் ஹவாயி ராணி லிலியூஓகலானி சிங்காதனத்திலிருந்து இறக்கப்பட்டார். 1898-ல் அமெரிக்கா அந்தத் தீவுகளைத் தன்னோடு சேர்த்துக்கொண்டது. ராஜ்யத்தை இழந்த அந்தச் சின்னஞ்சிறு ஜனசமூகம் சங்கீதத்தை இழக்கவில்லை. 1904-ல் கெகூகு கிதாரோடு கப்பலேறினார். 1915-ல் ஸான்பிரான்ஸிஸ்கோவில் நடந்த பெரிய பொருட்காட்சியில் ஹவாயி வாத்தியக்காரர்களின் கச்சேரியைக் கேட்ட ஜனங்கள் மயங்கிப் போனார்கள். ஆண்டவர்களின் ஊரிலேயே ஆளப்பட்டவர்களின் நாதம் கொடி கட்டிப் பறந்தது. அடிமைத்தளையின் வேதனையை அறிந்த நம் தேசத்தாருக்கு இந்தக் கதையின் அருமை எளிதில் விளங்கும்.

அமெரிக்காவின் தென்பாகத்தில் நீக்ரோ ஜாதியார் என்று அந்நாளில் அழைக்கப்பட்ட கறுப்பு மக்களும் கத்தியாலும் கண்ணாடிப் புட்டியின் கழுத்தாலும் தந்தியை வழுக்கி வாசித்தார்கள். அவர்களில் ஒருவர், கண் பார்வையற்ற வில்லி ஜான்ஸன், 1927-ல் பதிவு செய்த கிதார் இசை, 1977-ல் வாயேஜர் விண்கலத்தோடு அனுப்பிய பொன்முலாம் பூசிய இசைத்தட்டில் இடம் பெற்றது. அதே தட்டில் நமது கேஸர்பாய் கேர்கரின் பைரவியும் இருக்கிறது. மண்ணுலகத்தின் சார்பாக விண்வெளிக்குப் போன இசையில், வழுக்குத் தந்தியும் பாரத சங்கீதமும் பக்கத்தில் பக்கத்தில் அமர்ந்து பிரயாணம் செய்கின்றன.

பாரத தேசத்துக்கும் ஹவாயிக் கலைஞர்கள் வந்தார்கள். டாவ் மோ என்பவர் குடும்பத்தோடு உலகமெங்கும் சஞ்சரித்து, 1940-ஐ அடுத்த ஆண்டுகளில் கல்கத்தாவில் தங்கியிருந்தார். வங்காளத்தில் இந்தக் கிதார் வீட்டு வாத்தியமாகவே ஆகிவிட்டது. ரவீந்திரரின் பாடல்களை அதில் வாசித்தார்கள். பின்னர் பிரிஜ் பூஷண் காப்ரா அதில் ராக ஆலாபனையே செய்யலாம் என்று காட்டினார். சிவகுமார் சர்மாவுடனும் ஹரிபிரஸாத் சௌரஸியாவுடனும் சேர்ந்து 1967-ல் அவர் வாசித்த இசைத்தட்டு இன்றும் கேட்கப்படுகிறது. விசுவமோகன் பட் கிதாரில் அனுரணனத் தந்திகளைச் சேர்த்து மோகன வீணை என்று பெயரிட்டார். 1994-ல் அமெரிக்காவின் கிராமி பரிசு ரை கூடருக்கும் அவருக்கும் கிடைத்தது.

இதெல்லாம் வடக்கே நடந்தது. தெற்கே நாம் இந்த நாதத்துக்கு ஹவாயிக்குப் போகவேண்டிய அவசியமே இல்லை. கோட்டுவாத்தியம் நம்முடையது. வீணையில் 24 மெட்டுகள். கோட்டுவாத்தியத்தில் ஒன்றுகூடக் கிடையாது. கருங்காலிக் கட்டை ஒன்றைத் தந்திமேல் வழுக்கி வாசிக்க வேண்டியதுதான். திருவிடைமருதூர் சகாராம ராவ் இதைக் கச்சேரி மேடைக்குரியதாக்கினார். செம்மங்குடி சீனிவாசய்யர் இளமையில் அவரிடம் பயின்றவர். வாய்ப்பாட்டில் சிகரம் கண்ட ஒருவர் கோட்டுவாத்திய வித்வானிடம் பாடம் கேட்டார் என்பதில் ஆச்சரியம் இல்லை. குரல் எங்கெல்லாம் போகுமோ அங்கெல்லாம் இந்தக் கட்டையும் போகும். நாராயண ஐயங்கார் மைசூர் அரண்மனையில் ஆஸ்தான வித்வானாக விளங்கினார். பூதலூர் கிருஷ்ணமூர்த்தி சாஸ்திரிகள் கலாக்ஷேத்திரத்தில் மாணவர்களுக்குக் கற்பித்தார். இத்தனை பெருமையிருந்தும், இன்று உங்கள் தெருவில் வீணை கற்கும் பெண்கள் எத்தனை பேர், கோட்டுவாத்தியம் கற்பவர் எத்தனை பேர் என்று எண்ணிப் பாருங்கள். இரண்டாவது எண்ணிக்கைக்கு விரல் தேவைப்படாது.

அன்பரின் யோசனையில் நமக்குப் பிடித்த அம்சம் இங்கேதான் இருக்கிறது. கிதார் என்றால் இளைஞர் ஓடி வருவார்கள். கோட்டுவாத்தியம் என்றால் அவர்களுடைய பாட்டியின் ஞாபகம் வரும். இரண்டையும் ஒரே கூடத்தில் வைத்துக் கற்பித்தால், கிதாருக்காக வந்த பையன் நாலாம் நாள் பக்கத்துப் பாயில் இருக்கும் கோட்டுவாத்தியத்தை எட்டிப் பார்ப்பான். பிடில் சீமையிலிருந்து வந்ததுதான். பாலுஸ்வாமி தீக்ஷிதர் காலம் முதல் நாம் அதைச் சுவீகரித்து வளர்த்துவிட்டோம். ஹார்மோனியத்தை மட்டும் கமகம் பேசாது என்ற குறையால் அகில இந்திய வானொலி 1940-ல் விலக்கி வைத்தது; 1971-ல்தான் தடை தளர்ந்தது. வாத்தியம் எங்கே பிறந்தது என்பதைவிட, நம் கமகம் அதில் பேசுகிறதா என்பதே முக்கியம். ஸ்டீல் கிதாரில் பேசுகிறது.

கற்பிக்கும் முறையைப் பற்றியும் ஒரு வார்த்தை. இந்த வாத்தியத்தில் கை தவறினால் காப்பாற்ற மெட்டு இல்லை. எஃகுத் துண்டு மெட்டுக் கம்பி இருக்க வேண்டிய இடத்துக்கு நேர்மேலே நிற்க வேண்டும். ஒரு நூலளவு முன்பின் போனாலும் அபஸ்வரம். துண்டுக்குப் பின்னாலுள்ள தந்தி வேண்டாத ஓசை எழுப்பாதபடி மற்ற விரல்களால் தொட்டு அடக்கவும் வேண்டும். காதுதான் இதற்கு ஆசிரியர். ஆகையால் முதல் இரண்டு நாட்கள் வாத்தியத்தைத் தொடவே கூடாது. தம்புராவுக்கு முன் உட்கார்ந்து ஸ, ப, மேல் ஸ என்று பாடவேண்டும் என்பது நமது யோசனை. புதிய கிதார் வாங்கவும் தேவையில்லை. வீட்டில் கிடக்கும் பழைய கிதாரின் தலைப்பக்கத்தில் தந்திகளை உயர்த்தும் சிறு உலோகத் துண்டு ஒன்றைப் பொருத்தினால் போதும்.

இனி, எத்தனை பேர் வருவார்கள் என்ற கேள்விக்கு வருவோம். பல ஆண்டுகளாகப் பள்ளிக்கூடத்தில் காலந்தள்ளுகிறவர்களுக்குத் தெரிந்த ரகசியம் ஒன்று உண்டு. உல்லாசப் பயணம் போக யார் யாருக்கு இஷ்டம் என்று வகுப்பில் கேட்டால் நாற்பது கைகள் உயரும். மறுநாள் பணம் கொண்டுவந்தவர்கள் பதினொருவராயிருப்பார்கள். உயர்ந்த கைகளைப் பார்த்து மோட்டார் பஸ் அமர்த்தியவர்கள் கடனாளியாவார்கள். "நல்ல யோசனை, அவசியம் நடத்துங்கள்" என்று எழுதும் நேயர்களுக்கு நமது நன்றி. ஆனால் அவர்களைக் கணக்கில் சேர்க்கமாட்டோம்.

கணக்கில் சேர விரும்புகிறவர்கள் மூன்று விஷயங்களைத் தெரிவித்தால் போதும். முதலாவது, பத்து நாட்களும் தவறாமல் இருக்க முடியுமா? நடுவில் கல்யாணம், காதுகுத்து என்று போகிறவர்களுக்கு இந்த வித்தை வராது. இரண்டாவது, சொந்த வாத்தியம் உண்டா, இல்லாவிட்டால் இன்னொருவரோடு பகிர்ந்துகொள்ளச் சம்மதமா? மூன்றாவது, ஊர் திரும்பிய பிறகு தினம் அரைமணி நேரம் சாதகம் செய்ய வீட்டார் அனுமதிப்பார்களா? இந்த மூன்றாவது கேள்விக்குப் பெற்றோர்களே பதில் எழுதட்டும். கோடைப் பள்ளியின் பலன் மே மாதத்தில் தெரியாது. அடுத்த மார்கழியில்தான் தெரியும். ஆரம்பத்தில் இந்த வாத்தியத்தின் ஓசை பூனை அழுவதுபோல்தான் இருக்கும். பக்கத்து வீட்டுக்காரர்களின் பொறுமையையும் கொஞ்சம் விசாரித்துவைப்பது உத்தமம்.

இன்னும் ஒரு வேண்டுகோள். சில வீடுகளில் பாட்டனார் வாசித்த கோட்டுவாத்தியம் பரண்மேல் பழந்துணி சுற்றிக் கிடக்கலாம். அதைப் பத்து நாட்கள் இரவலாகக் கொடுக்க மனமிருந்தால் அதுவும் எழுதுங்கள். கற்பிக்க வல்ல முதியவர்கள் உங்கள் ஊரில் இருந்தால் அவர்களுடைய சம்மதத்தைப் பெற்று எழுதுங்கள். மாணவரில்லாமல் வாத்தியார் மறைந்தால் அவரோடு போகிற வித்தையைப் பிறகு எந்தக் கோடைப் பள்ளியாலும் மீட்க முடியாது.

பன்னிரண்டு பேர் உறுதியாக எழுதினால் பள்ளியைத் தொடங்கிவிடலாம் என்று கும்பகோணத்து அன்பர் சொல்லுகிறார். முப்பது கோடி முகமுடையாள் என்று நாம் பாடி வந்த தாய்க்கு இன்று முகங்கள் நூறு கோடியைத் தாண்டிவிட்டன. அவற்றில் பன்னிரண்டு கிடைக்காமலா போகும்? பங்குனி முடிவதற்குள் கார்டு எழுதிப் போடுங்கள். வந்த கடிதங்களின் எண்ணிக்கையைக் கூட்டாமல் குறைக்காமல் சித்திரை முதல் இதழில் வெளியிடுகிறோம்.