வேர் பிறகு முளைத்தால் என்ன?

'ஹாபிட்' என்ற பெயருக்கு டோல்கீன் சொன்ன வேர்ச்சொல் சுத்தப் பித்தலாட்டம் என்று ஒரு வாதம் அடிக்கடி காதில் விழுகிறது. பெயரை முதலில் வைத்துவிட்டு, ஆற அமர உட்கார்ந்து வேரை ஒட்டவைத்தாராம். எல்லாம் செட்டப்பாம்.

அவர் இதை எங்கே மறைத்தார் என்று எனக்குத் தெரியவில்லை. தேர்வுத்தாள் திருத்திக்கொண்டிருந்தபோது வெற்றுப் பக்கம் ஒன்றில் அந்தச் சொல்லை எழுதினேன், ஏன் எழுதினேன் என்று தெரியாது என்றவரே அவர்தான். 'ஹாபிட்' நாவல் வந்தது 1937இல். அந்தப் பெயருக்கு வம்சாவளி கிடைத்தது 1955இல், 'லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' நாவலின் பின்னிணைப்பில்.

அந்தப் பின்னிணைப்பைப் படித்துவிட்டுச் சண்டைக்கு வாருங்கள். அதன்படி 'ஹாபிட்' என்பதே மொழிபெயர்ப்பு. அந்த மக்கள் தங்களைச் சொல்லிக்கொண்டது 'குடுக்' என்று. 'கூட்-டூகன்' என்ற பழைய சொல் தேய்ந்து அப்படி ஆனது. வளையில் வாழ்பவர் என்று பொருள். தேயாத வடிவம் ரோஹன் நாட்டவர் பேச்சில் மட்டும் மிஞ்சியிருக்கிறது. இந்த உறவை ஆங்கில வாசகருக்குக் காட்டவே, பழைய ஆங்கிலத்தின் துண்டுகளைச் சேர்த்து 'ஹோல்பிட்லா' என்று ஒரு சொல்லைக் கட்டினார். பழைய ஆங்கிலத்தில் இப்படியொரு சொல் இருந்திருந்தால், அது தேய்ந்து 'ஹாபிட்' ஆகியிருக்கலாம் என்கிறார். இருந்திருந்தால்! கள்ளப் பத்திரம் எழுதுகிறவன் இப்படியா எழுதிக் கொடுப்பான்?

கதைக்குள்ளே இது இன்னும் அழகு. ரோஹன் மன்னர் தியோடன் பழைய பெயரைச் சொல்லி விசாரிக்கிறார். எதிரே நிற்கும் ஹாபிட், நாங்கள் ஹாபிட்டுகள் என்று பணிவாகத் திருத்துகிறான். சொந்தப் பெயரின் பொருள் சொந்தக்காரனுக்கே மறந்துபோச்சு. பக்கத்து நாட்டுக்காரன் வாயில் அது பத்திரமாக இருக்கிறது. நிஜ மொழிகளிலும் இதுதானே நடக்கிறது? எந்த மக்கள் கூட்டம் அகராதியைப் புரட்டித் தனக்குப் பெயர் வைத்துக்கொண்டது? முதலில் யாரோ கூப்பிடுகிறார்கள். காலம் அதைத் தேய்க்கிறது. இலக்கணக்காரன் கடைசியில்தான் வருகிறான்.

கற்பனை இனங்களுக்குப் பெயர் வைக்கும் நம் வயது நண்பர்களிடம் எனக்கு ஒரு சண்டை உண்டு. எழுத்துக்கு எழுத்து பொருள் சொல்லும் பெயராக வைக்கிறீர்கள். 'மலையின் புதல்வர்' என்றால் மலையின் புதல்வர், முடிந்தது. அச்சகத்திலிருந்து நேராக வந்த நோட்டு மாதிரி இருக்கிறது அந்தப் பெயர். நாலு கை மாறிய அழுக்கு அதில் இல்லை. டோல்கீன் அந்த அழுக்குக்காக மெனக்கெட்டார். அதைப் போய் ஏமாற்று வேலை என்றால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.