ராத்திரி ஆட்டம் நடக்கும் பேய் மாளிகை!
பிணங்கள் கிடந்ததோ வேறு இடம்!!

பனவடலிசத்திரம் –

நம்ம ஊர் பேரிலேயே சத்திரம் இருக்கிறது. நம் பக்கத்தில் பழைய சத்திரமோ பங்களாவோ பூட்டிக் கிடந்தால், பத்து வருஷத்தில் "அங்கே பேய் இருக்கு" என்று பேச்சு கிளம்பிவிடும். ஆள் யாரும் உள்ளே போக மாட்டார்கள். கதவும் ஜன்னலும் மட்டும் வெளியே போய்விடும்!

அமெரிக்காவில் சிகாகோ நகரில் கதை நேர் எதிர். அங்கே பேய் என்றால் கூட்டம் கூடும்.

தீயில் போன கட்டடம்

டியர்பான் தெருவில் கோட்டை மாதிரி ஒரு கல் மாளிகை. சிகாகோ வரலாற்றுச் சங்கத்துக்காகக் கட்டியது. 1871 பெருந்தீயில் சங்கத்தின் பழைய கட்டடம் எரிந்தது. அடிமை விடுதலைப் பிரகடனத்துக்கு லிங்கன் கைப்பட எழுதிய பிரதியும் சாம்பலானது. அதே இடத்தில் 1892-ல் புதுக் கட்டட வேலை தொடங்கியது.

1985-ல் அது 'லைம்லைட்' என்ற இரவு விடுதி ஆனது. 1989-ல் 'எக்ஸ்காலிபர்' வந்தது. 2018-ல் 'தாவோ' திறந்தது.

844 பேர் பலி

1915 ஜூலை 24-ந்தேதி சிகாகோ ஆற்றில் 'ஈஸ்ட்லேண்ட்' கப்பல் கவிழ்ந்தது. 844 பேர் செத்தார்கள். "அந்தப் பிணங்களை இந்த மாளிகையில்தான் போட்டார்கள். அதனால்தான் ஆவி சுற்றுகிறது" என்று ஒரு கதை.

இது சுத்தப் பொய். பிணங்களைக் கிடத்தியது வேறொரு ராணுவக் கூடத்தில். அதுவே பிறகு ஓப்ரா வின்ஃப்ரேயின் டெலிவிஷன் ஸ்டூடியோ ஆனது. 2016-ல் அதை இடித்தும் விட்டார்கள்.

கப்பல் ஏன் கவிழ்ந்தது? அது ஏற்கெனவே தள்ளாடும் கப்பல். டைட்டானிக் விபத்துக்குப் பிறகு உயிர்காப்புப் படகுகளை மேல்தட்டில் கூடுதலாக ஏற்றினார்கள். தலை கனத்தது. கரையில் கட்டியிருந்தபோதே சாய்ந்துவிட்டது!

ஆவிக் கதை ஊரெல்லாம் தெரியும். இந்தக் கணக்கு எத்தனை பேருக்குத் தெரியும்?

மும்பையில் நடந்தது

2017 டிசம்பர் 29-ந்தேதி நள்ளிரவு தாண்டி, மும்பை கமலா மில் வளாகத்தில் மொட்டைமாடி விடுதி தீப்பிடித்தது. பழைய பஞ்சாலை வளாகம் அது. 14 பேர் பலி. பலர் கழிப்பறையில் ஒதுங்கி, புகையில் மூச்சு முட்டி இறந்தார்கள். விதிமீறல்கள் விசாரணையில் அம்பலமாயின. அங்கே பேயும் இல்லை, பிசாசும் இல்லை.

பழைய கட்டடத்தில் வியாபாரம் நடப்பது தப்பில்லை. ஆள் புழங்கினால்தான் சுவர் நிற்கும். சிகாகோ மாளிகையே அதற்குச் சாட்சி.

ஆனால் ஒன்று. பழைய கட்டடத்தைக் காட்டி யாராவது பேய் என்றால், ரெண்டு கேள்வி கேளுங்கள். சாவி யார் கையில் இருக்கு? தீப்பிடித்தால் வெளியே போக வழி எங்கே இருக்கு?